இரண்டு வெள்ளைகளும் என் முழங்காலும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் இரும்புத் துண்டுகளின் மேல் சாக்பீஸால் போட்ட குறிகள்தான். சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. என் மகள் பிழைகளைப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தாள், நான் மறுபடி எழுதினேன். அப்படியும் தப்பு இருந்தால் அது என்னுடையது, அவளுடையது அல்ல.

"வாயால சொல்லிட்டு போயேன்பா, இத்தப் போயி எழுதிக்கினு" என்று என்னோடு வேலை செய்கிற சாலமன் கேட்டான். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் யார்டு ஆட்கள் படிக்க வேண்டும், எங்களைப் போல் வேலை செய்கிற மற்றவர்களும் படித்தால் நல்லது.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில், ஓர் உருக்காலையின் பழைய இரும்பு யார்டில். லாரியில் கலந்து வந்து கொட்டும் இரும்பை உலைக்குப் போகும் முன் இனம் பிரிக்க வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம், துருவும் ஒரே துருதான். ஆனால் சுற்றுகிற கிரைண்டிங் கல்லில் துண்டை லேசாகத் தொட்டால் பொறி பறக்கும். சாதா இரும்பு நீள நீளமான மஞ்சள் கோடாகப் போகும். கார்பன் கூடினால் கோட்டின் நுனி பூப்பூவாக வெடிக்கும். பீடு என்று நாங்கள் சொல்லும் வார்ப்பிரும்பு குட்டையாக, சிவப்பாக வரும். எவர்சில்வர் ஆரஞ்சாகக் கிளம்பி வெடிக்காமல் அடங்கிவிடும். தப்பாகப் பிரித்த துண்டு உள்ளே போனால் ஓர் உலை இரும்பே கெட்டுவிடும். குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், எழ வேண்டும், குவியலில் ஏறி இறங்க வேண்டும். இருபது வருடமாக இதுதான் செய்கிறேன். வேறு வேலை தெரியாது. முழங்கால் போனால் அந்தக் கல்லின் முன் எனக்கு இடம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாளெல்லாம் என் மனதில் ஓடியது இது ஒன்றுதான்.

பொங்கல் கழித்து ஒரு வாரம் இருக்கும். உட்கார்ந்தவன் எழுந்தேன், வலது முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. பக்கத்துக் கல்லில் இருந்த சாலமன் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். என்னைவிட நான்கு வயது சின்னவன், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். காலை இப்படியும் அப்படியும் ஆட்டியதும் உள்ளே எதுவோ நழுவி, பூட்டு திறந்தது. சாயந்திரத்துக்குள் மூட்டு வீங்கிவிட்டது. இதுபோல ஒரு மாதத்துக்குள் நான்கு தடவை ஆனது. வீட்டில் சொல்லவில்லை.

என் மனைவி கஸ்தூரி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். ஒருநாள் நான் வாசற்படியைப் பக்கவாட்டாகத் திரும்பி ஏறுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாயா, நண்டு மாதிரி ஏறுற?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா நேரா ஏறு, பாக்கலாம்."

ஏறினேன். இரண்டாம் படியில் பூட்டிக்கொண்டது. அடுத்த நாளே அவள் லீவு போட்டுவிட்டு என்னைத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனாள்.

அங்கே எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றும் இல்லை. மூட்டின் மேல் பசை தடவி ஒரு ஸ்கேன் எடுத்தார். அதில்தான் தெரிந்தது, உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று. டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். எலும்பு முனையில் வழுவழுப்பாகக் குருத்தெலும்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு துண்டு உடைந்து மூட்டுக்குள் மிதக்கலாம். அப்படியானால் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம். அல்லது மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் சதை வளர்ந்திருக்கலாம். அப்படியானால் மூட்டைத் திறந்து சவ்வையே சுரண்டி எடுக்க வேண்டும். திரும்பவும் வளரலாம். கால் பழையபடி மடங்கும் என்று சொல்ல முடியாது.

"ரெண்டுல எதுன்னு எம்ஆர்ஐ எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

'சதை வளர்ச்சி' என்றதும் கஸ்தூரி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை விடவில்லை.

இப்போது எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கும் இடத்துக்கு சாலமனும் வந்தான். கஸ்தூரிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. ஓர் ஊழியர் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"பேஸ்மேக்கர் வெச்சிருக்கா? ஆபரேஷன் பண்ணி பிளேட்டு, ஸ்குரூ ஏதாவது? உடம்புல இரும்பு எதுனா இருக்கா?"

"இல்ல சார்."

நான் பொய் சொல்லவில்லை. அறுவை செய்து வைத்த இரும்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அரைஞாணில் இருந்த வெள்ளித் தாயத்தையும் மோதிரத்தையும் கழற்றி சாலமனிடம் கொடுத்தேன். அவர்கள் தந்த பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். கையைப் பிடித்து அழைத்துப்போன அந்த ஊழியர் என் முன்கையைப் பார்த்து நின்றார். எங்கள் எல்லோருக்கும் இருப்பதுபோல் என் தோலுக்கடியிலும் கருநீலப் புள்ளிகள் உண்டு.

"இது என்ன?"

"அது வேலைங்க சார். கல்லுல இருந்து தெறிச்சது."

"இரும்பா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கையை இழுத்துக்கொண்டேன். வெளியே பெஞ்சில் இருந்த சாலமன்தான் எட்டிப் பார்த்து, உதவி செய்கிற நினைப்பில் சொன்னான். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். இவன் கண்ணுலயே பூந்துச்சி, நாந்தான் காந்தம் வெச்சி இஸ்தேன்! யார்டுல யாருக்கு கண்ணுல பட்டாலும் எங்கிட்டதான் வருவாங்க."

அந்த ஊழியர் கதவை இழுத்துச் சாத்தினார்.

எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம். அது எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளே கிடக்கும் இரும்பு அந்த இழுப்பில் நகரும், சூடேறும். கையில் என்றால் ஒரு மாதிரி, கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பார்வையே போகலாம். கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண்ணின் ஓரம் எள்ளளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. சாலமன் இழுத்தது பாதிதான். அது நடந்து எட்டு வருடம், மீதி அத்தனை நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழிக்கு வெளியே சதையில் புதைந்து கிடக்கிறது, தொந்தரவு இல்லாததால் அப்படியே விடலாம், ஆனால் இந்த ஜென்மத்தில் எம்ஆர்ஐ பக்கம் போகக்கூடாது என்றார்.

சாலமன் அன்று பஸ்ஸில் பேசவே இல்லை. பேசாமல் இருந்து நான் அவனைப் பார்த்ததில்லை. பெரியபாளையம் தாண்டியதும், "அண்ணே, அந்த ரூமுக்குள்ள போயிருந்தா?" என்று கேட்டான்.

"போவலையே."

"நான் முழுசா எடுத்துட்டேன்னு சொல்லிகினு திரிஞ்சேனே."

"நீ வாயத் தொறந்ததாலதான் தப்பிச்சேன். நான் ஒருத்தனா போயிருந்தா வெக்கப்பட்டுகினு படுத்திருப்பேன்."

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என்னைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அவன் விடவில்லை.

ஆனால் முழங்கால் அப்படியே இருந்தது. துண்டா, சதையா? தெரியவில்லை. யார்டு மேஸ்திரி என் கல்லில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு, "நீ வர்ற வரைக்கும்தான்" என்றார். நல்லவர்தான். இருந்தாலும் வேறொருவர் போட்ட சாக்பீஸ் குறியைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

திருவள்ளூர் டாக்டர் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே புது வகை சிடி ஸ்கேன் வந்திருக்கிறது, அதில் காந்தம் கிடையாது என்றார். செலவில் பெரும்பகுதி கம்பெனி இன்சூரன்ஸிலேயே போய்விட்டது. ஆகவே பணத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறினோம், நான், கஸ்தூரி, சாலமன் மூன்று பேரும். கஸ்தூரி எலுமிச்சைச் சோறு கட்டிவந்திருந்தாள். வழியெல்லாம் சாலமன் அதிலேயே கண்ணாக இருந்தான்.

ஸ்கேன் டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். படத்தில் தெரிவதற்காக உடம்புக்குள் போடும் மருந்தை கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு வகை போட வேண்டும் என்றார். ஒன்று காடோலினியம், அதை ஊசியால் நேராக மூட்டுக்குள் போடுவார்கள். அது உள்ளிருக்கும் இடுக்கையெல்லாம் நிரப்பும். இன்னொன்று அயோடின், கை நரம்பில் போடுவார்கள். அது ரத்தத்தோடு ஓடி, ரத்தம் போகிற சதையில் சேரும். மிதக்கிற துண்டாக இருந்தால் சுற்றிலும் முதல் மருந்து நிற்கும், துண்டுக்குள் ரத்தம் போகாது. வளர்ந்த சதையாக இருந்தால் இரண்டாவது மருந்து அதற்குள்ளேயே ஏறிவிடும்.

"ரெண்டுமே தனித்தனியா ரொம்ப நாளா போடுற மருந்துதான். ஒரே நேரத்துல ரெண்டையும் போட்டு எடுக்கிறது புதுசு. வேணாம்னு தோணினா தாராளமா சொல்லலாம். வேற வழி பார்ப்போம்" என்றார்.

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் அந்த இரண்டு மருந்தின் பெயரையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு டாக்டரிடம், "கிட்னிக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. இரண்டு மருந்தும் சிறுநீரில்தான் வெளியே போக வேண்டும், அதனால் ரத்தம் எடுத்து சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போடுவோம் என்றார் டாக்டர். ரிசல்ட்டுக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிரே ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாலமன் அதில் வருகிறவர்களுக்குத் தானே வசனம் பேசி, பக்கத்தில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைச் சிரிக்க வைத்துவிட்டான். நர்ஸ் வந்து அதட்டினார்.

ரிசல்ட் நன்றாக இருந்தது. என்னை உள்ளே அழைத்தார்கள்.

மெஷின் பார்க்கிற பெண்ணின் பெயர் ரேவதி. சொந்த ஊர் பள்ளிப்பட்டு பக்கம். எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிட்டது. இரும்பைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டது. இந்தத் தடவை நான் கை, கழுத்து, கண் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "சிடிக்கு அது பரவால்ல நைனா, ஆனா நீங்க சொன்னது நல்லது" என்றது.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, மூட்டில் தேங்கியிருந்த நீரை முதலில் இழுத்தார். வைக்கோல் நிறத்தில் வந்தது. கடைசியில் கொஞ்சம் சிவப்பு கலந்தது. டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருந்தால் அப்படி வரலாம் என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் என் கல், அதன் முன் நான் உட்காரும் மணைப்பலகை, எல்லாம் போய்விட்டதாகவே நினைத்தேன். பிறகு முதல் மருந்தைச் செலுத்தி, அது எங்கும் பரவ என் காலை மடக்கி நீட்டினார்கள்.

வளையம்போல் இருந்த மெஷினில் படுக்க வைத்தார்கள். கை நரம்பில் இரண்டாவது மருந்து ஏறியது. தொண்டை சூடானது, நெஞ்சு சூடானது, அப்புறம் அடிவயிற்றுக்குக் கீழே வெதுவெதுப்பாக இறங்கியது. படுக்கையை நனைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இந்த வயதில், முன்பின் தெரியாத பெண்பிள்ளை முன்னால். உயிர் போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். எடுத்து முடித்து ரேவதி வந்ததும் நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னா நைனா, எழுந்திரிங்க."

"ஒரு துணி இருந்தா குடும்மா."

அது புரிந்துகொண்டு சிரித்துவிட்டது. "ஒண்ணும் ஆவல. அந்த மருந்து போட்டா எல்லாருக்கும் அப்டித்தான் தோணும். முன்னாடியே சொல்ல மறந்துட்டேன், தப்பு என்னுதுதான்." தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஆகவே உங்களுக்கும் இந்த ஊசி போட்டால் பயப்பட வேண்டாம்.

மருந்து போட்ட பிறகு அரிப்பு, மூச்சுத்திணறல் ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி உட்கார வைத்தார்கள். ரேவதியின் மேஜை பக்கத்திலேயே இருந்தது. அதன் திரையில் என் முழங்கால். எலும்பு வெள்ளை, நடுவில் இன்னும் வெள்ளையாகக் குழம்பிக் கிடந்தது.

"இதுல எது எந்த மருந்தும்மா?" என்று கேட்டேன். நானாக ஒருவரிடம் கேள்வி கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

"பழைய மெஷினா இருந்தா இதோட நின்னுடும். ரெண்டும் வெள்ளைதான், பிரிக்கவே முடியாது. இது எக்ஸ்ரேய ஒவ்வொரு துளியா எண்ணும். எண்ணுறப்பவே ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ சக்தின்னும் பாக்கும். அயோடின் ஒரு மாதிரி சக்தியத் தடுக்கும், காடோலினியம் வேற மாதிரி. அத்த வெச்சி, இது இது, அது அதுன்னு கலர் போட்டுடும்."

"பொறி பாக்குற மாதிரி" என்றேன்.

"என்ன பொறி?"

சொன்னேன். எல்லா இரும்பும் ஒரே சாம்பல்தான், கல்லில் தொட்டால்தான் மஞ்சளா, சிவப்பா, பூவா என்று அதனதன் இனம் தெரியும் என்று. அந்தப் பெண் எழுந்துபோய் டாக்டரையே கூட்டிவந்துவிட்டது. "மேடம், இவரு சொல்றத கேளுங்களேன்!" எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம்போல் இருந்தது. மறுபடி சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் கேட்டுவிட்டு, "கிட்டத்தட்ட அதுதான். நீங்க அது விடுற பொறியைப் பாக்குறீங்க. நாங்க, அது எதைத் தடுத்து நிறுத்துதுன்னு பாக்குறோம். ஆனா கண்ணுக்கு ஒண்ணா இருக்கறதை வேற விதமா கேட்டுப் பிரிக்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான்" என்றார். பிறகு ரேவதியிடம், "கலர் போடும்மா, அவரே பாக்கட்டும்" என்றார்.

கஸ்தூரியையும் சாலமனையும் உள்ளே கூப்பிட்டார்கள். மூட்டுக்குள் போட்ட மருந்து நீலமாக வரும், ரத்தத்தில் போட்டது ஆரஞ்சாக வரும் என்று டாக்டர் சொன்னார். ரேவதி ஒரு பொத்தானைத் தட்டியது.

குழம்பிக்கிடந்த வெள்ளை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் அந்தக் கொட்டைப்பாக்கு. சுற்றிலும் நீலம், ஓரிடத்தில்கூட விட்டுப்போகாமல். உள்ளே ஆரஞ்சு இல்லை. ஆரஞ்சு தள்ளி, சவ்வின் ஓரமாக நூல்போல் ஓடியது. அவ்வளவுதான். நான் இடது பக்கம், வலது பக்கம், மேல், கீழ் என்று ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிக் கல்லில் தொடுவதுபோல் பார்த்தேன்.

"சதை இல்ல மேடம்" என்றேன். "ஒட்டாம நிக்குது. துண்டுதான்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஆமா. துண்டுதான். சவ்வு உரசி உரசிக் கொஞ்சம் புண்ணாகியிருக்கு, அதான் நீர்ல வந்த அந்தச் சிவப்பு. எடுத்ததும் டெஸ்ட்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம். ஆனா நீங்க சொன்னதுதான் நானும் எழுதப் போறேன்."

கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாலமன் ரேவதியிடம், "ஏம்மா, இவன்கூட நான் ஒரே நாள்ல வேலைக்கு சேந்தவன். இவன் இவ்ளோ சத்தமா பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன்" என்றான்.

அறுவைசிகிச்சை பற்றி எழுத அதிகம் இல்லை. பேனா முனை அளவுக்கு இரண்டு துளை, ஒரு குழாயில் கேமரா. மூன்று நாள் ஆஸ்பத்திரி. எடுத்த துண்டைக் குப்பியில் காட்டினார்கள். தேங்காய்க் கீற்றைக் கல்லில் தேய்த்ததுபோல் வெள்ளையாக, உருண்டு வழுவழுவென்று இருந்தது. பரிசோதனையிலும் குருத்தெலும்பு என்றே வந்தது. மூன்று நாளும் கஸ்தூரி வேலை முடிந்து ரயில் பிடித்து வந்தாள். வந்ததும் நான் கேட்காமலேயே என் காலை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். கால் மடங்குகிறதா என்று தினமும் ஒருமுறை பார்ப்பாள். இரண்டரை மாதம் பயிற்சி செய்து, மறுபடி என் கல்லுக்குத் திரும்பினேன். மேஸ்திரி ஒரு குட்டை ஸ்டூல் போட்டிருந்தார். பாதி நேரம் அதில் உட்காருகிறேன்.

நான் திரும்பி வந்து சில நாளில், எங்கள் யார்டில் ஒருவருக்கு முதுகுவலி, எம்ஆர்ஐக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். சாலமன் அவரைக் கேட்டிலேயே மறித்தான்.

"ஒடம்புல இரும்பு கீதா?"

"இல்லபா."

"இல்லன்னு சொல்லாத. சட்டையக் கழட்டு."

பதினொரு கருநீலப் புள்ளி எண்ணினான். ஒரு தாளில் எழுதி அவர் பையில் செருகி அனுப்பினான். அது முதல் எங்கள் யார்டில் அது வழக்கமாகிவிட்டது. நான் இதை எழுதுவதும் அதற்காகத்தான். இரும்பு இருக்கிறதா என்று கேட்டால், தோலுக்கடியில் கிடப்பதையும், கண்ணில் பட்டு எடுத்துவிட்டோம் என்று நினைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வெட்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

நேற்று ஆயுத பூஜை. கல்லையெல்லாம் கழுவி வரிசையாக வைத்திருந்தோம். சாலமன் சர்ச்சுக்குப் போகிறவன் என்றாலும் வருடா வருடம் வந்து நிற்பான், சுண்டலும் அவன்தான் அதிகம் வாங்குவான். நேற்று அவன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய காந்தத்தை எடுத்துக் கல்லின் பக்கத்தில் வைத்தான்.

"இனிமே இது யார்டு இரும்புக்குத்தான். கண்ணுல பட்டா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கடா" என்றான்.

நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் கல்லுக்கு ஒரு பொட்டு, அவன் கல்லுக்கு ஒன்று, காந்தத்துக்கு ஒன்று. பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இன்று கல் ஓடவில்லை, லீவு. காலையில் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

புரட்டாசி 16, விஜயதசமி.